பழைய மடிக்கணினி பழுதுபார்ப்பு: நியாயமான கட்டணத்தை நிர்ணயிப்பது யார்?

மைசூரு: கொரோனா ஊரடங்குக் காலத்தில் இணையவழி வகுப்புகளுக்காகவும், வீட்டிலிருந்தே பணியாற்றுவதற்காகவும் வாங்கப்பட்ட மடிக்கணினிகளுக்கு இப்போது ஐந்து, ஆறு வயதாகிறது. உத்தரவாதக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்குவதில்லை, கீல் தளர்ந்துவிட்டது, ஒரு நாள் பொத்தானை அழுத்தினால் திரை கறுத்தே கிடக்கிறது. சரிசெய்வதா, புதிது வாங்குவதா, சரிசெய்தால் எவ்வளவு கொடுப்பது நியாயம் என்ற கேள்விகள் எண்ணற்ற குடும்பங்களின் முன் ஒரே சமயத்தில் வந்து நிற்கின்றன.

1916-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம், பொறியியல் மற்றும் மருத்துவக் கல்லூரிகள், தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் வளாகங்கள் எனப் படிப்பும் பணியும் கணினியைச் சார்ந்திருக்கும் மைசூரு நகரம் இந்தக் கேள்வியின் எல்லாப் பக்கங்களையும் காட்டுகிறது. முன்னணி நிறுவனங்களின் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையங்களும் இங்கு உண்டு; தெருமுனைப் பழுதுபார்க்கும் கடைகளும் உண்டு. உள்ளூரில் கிடைக்காத உதிரிபாகத்துக்கு, சுமார் 145 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருவின் எஸ்.பி. சாலைச் சந்தையை நாடுவது வழக்கம். சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ, கர்நாடகத்துக்கு எஸ்.பி. சாலை அப்படி.

ஆனால் இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியிலும், இன்ன பழுதுக்கு இன்ன விலை என்ற வெளிப்படையான பட்டியல் வாடிக்கையாளருக்குக் கிடைப்பது அரிது. எது பழுதானது என்பதையும் கடைக்காரரே சொல்கிறார். அதற்கு எவ்வளவு என்பதையும் அவரே சொல்கிறார். கூடுதல் கட்டணம் என்ற பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அவசரத்தைக் கூட்டிய இரு மாற்றங்கள்

பழைய மடிக்கணினி குறித்த முடிவை அண்மைக் கால மாற்றங்கள் இரண்டு மேலும் சிக்கலாக்கியுள்ளன.

முதலாவது, விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் நிறுவனத்தின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும், அல்லது அதற்கு இணையான மற்ற நிறுவனச் செயலியும் தேவை. எனவே, ஏறக்குறைய 2018-க்கு முன் வடிவமைக்கப்பட்ட மடிக்கணினிகள், வன்பொருள் நன்றாக இருந்தாலும், அதிகாரப்பூர்வமாக அந்தப் பதிப்புக்கு மாற முடியாது. தனிநபர் பயனாளர்கள் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற வழி செய்யப்பட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழியாகக் கணினி அமைப்புகளைக் காப்புப் பதிவு செய்பவர்களுக்கு இதில் கட்டணமில்லா வாய்ப்பும் தரப்பட்டது.

இரண்டாவது, நினைவகச் சில்லுகளின் விலை. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கான தேவை பெருகியதால், 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ரேம் விலை உலகெங்கும் கடுமையாக உயர்ந்தது. தயாரிப்பு நிறுவனங்கள் பழைய டி.டி.ஆர்.4 வகையின் உற்பத்தியைக் குறைத்துவந்ததால் அதுவும் விலை ஏறியது. சில்லறைச் சந்தையில் பரவலாக அறியப்பட்ட குரூஷியல் வணிகப்பெயரிலான நுகர்வோர் விற்பனையிலிருந்து விலகுவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பர் 3-ஆம் தேதி அறிவித்தது.

இவை இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. முதல் மாற்றம் பழையதைக் கைவிடச் சொல்கிறது. இரண்டாவது மாற்றம் புதியதன் விலையையும் உயர்த்தி, பழையதை மேம்படுத்தும் செலவையும் உயர்த்துகிறது. முன்பு, ரேமைக் கூட்டினால் போதும் என்பது குறைந்த செலவிலான தீர்வாக இருந்தது. இப்போது அதுவே யோசித்து எடுக்க வேண்டிய முடிவாகிவிட்டது. இந்த நிலையில், தவறான பழுதறிதலுக்குக் கொடுக்கும் பணம் மாணவர் ஒருவரின் அல்லது சிறுதொழில் செய்பவரின் மாத வரவுசெலவையே குலைத்துவிடக்கூடும்.

கூடுதல் செலவு தொடங்கும் இடம்

பழுதுநீக்கக் கட்டணத்தில் நான்கு கூறுகள் உள்ளன: பழுதைக் கண்டறிவதற்கான கட்டணம், உதிரிபாகத்தின் விலை, வேலைக் கூலி, வரி. இவை தனித்தனியாகச் சொல்லப்படும்போது ஒவ்வொன்றையும் வேறு இடத்துடன் ஒப்பிடலாம். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லும்போது எதையும் ஒப்பிட முடியாது. வாடிக்கையாளர் தேவைக்கு அதிகமாகக் கொடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது சூழலில்தான்.

கடைக்காரர் நேர்மையானவராக இருந்தாலும் இந்தச் சிக்கல் நீங்குவதில்லை. பழுதின் காரணத்தைத் துல்லியமாகக் கண்டறிய நேரம் ஆகும். பாகத்தை மொத்தமாக மாற்றிவிடுவது விரைவான வேலை. ஒரு சிறிய மின்தேக்கி அல்லது மின்னேற்றத் துளை கெட்டிருக்கும் இடத்தில், மதர்போர்டு முழுவதையும் மாற்றச் சொல்வதற்கு ஏமாற்று எண்ணம் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. சேவை மையத்தின் நடைமுறை, உதிரிபாகம் கிடைக்கும் வடிவம், பணியாளரின் நேரம் ஆகிய எல்லாமே அந்தத் திசையில் தள்ளுகின்றன. விளைவு மட்டும் ஒன்றுதான்: சிறு பழுதுக்குப் பெரிய கட்டணம்.

ஆகவே, வாடிக்கையாளரின் முதல் தற்காப்பு பேரம் பேசுவதில் இல்லை. பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை ஓரளவேனும் அறிந்துகொண்டு கடைக்குள் நுழைவதில் இருக்கிறது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

இதற்குத் தொழில்நுட்ப அறிவு அதிகம் தேவையில்லை. விலை குறைந்த காரணத்தை முதலில் சோதித்து, அது இல்லை என்று உறுதியான பின்னரே விலை கூடிய காரணத்துக்குச் செல்வதுதான் அடிப்படை விதி.

மடிக்கணினி மின்னேறவில்லை என்றால், அதே மின்னழுத்தமும் போதிய திறனும் கொண்ட வேறொரு அடாப்டரை நண்பரிடம் வாங்கிப் பொருத்திப் பார்க்கலாம். அதில் மின்னேறினால் பழுது அடாப்டரோடு முடிந்தது. அதிலும் ஏறவில்லை என்றால் அடுத்து மின்னேற்றத் துளை, அதற்கடுத்து பேட்டரி, கடைசியாகத்தான் மதர்போர்டு என்ற வரிசையில் சோதிக்கும்படி கேட்கலாம்.

திரை கறுத்திருந்தால், எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாக வீட்டுத் தொலைக்காட்சியுடன் இணைத்துப் பார்க்கலாம். தொலைக்காட்சியில் படம் தெரிந்தால் கணினி இயங்குகிறது என்று பொருள். பழுது பெரும்பாலும் திரையிலோ, கீலின் வழியே திரைக்குச் செல்லும் கம்பியிலோ இருக்கும். திரையையும் கம்பியையும் தனித்தனியே சோதிக்கச் சொல்வது முக்கியம். இரண்டின் விலைக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு.

பேட்டரியின் நிலையை அறிய, விண்டோஸ் இயங்குதளத்திலேயே பேட்டரி அறிக்கையை உருவாக்கும் வசதி உள்ளது. தொழிற்சாலையில் வடிவமைக்கப்பட்ட கொள்ளளவையும், இப்போது முழுமையாக மின்னேற்றினால் கிடைக்கும் கொள்ளளவையும் அந்த அறிக்கை அருகருகே காட்டும். இரண்டாவது எண் முதலாவதில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தால் பேட்டரியை மாற்றுவதில் பொருள் உண்டு. பேட்டரி உப்பியிருந்தால் காத்திருக்கக் கூடாது. கணினியைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்த வேண்டும். உப்பிய லித்தியம் பேட்டரியை அழுத்துவதும் குத்துவதும் தீப்பிடிக்கும் ஆபத்தை உண்டாக்கும்.

கணினி மெதுவாக இயங்குகிறது என்ற புகாருக்கு, சுழலும் தட்டுகளைக் கொண்ட ஹார்டு டிஸ்க் காரணமாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்புவரை விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றில் அந்த வகையே பொருத்தப்பட்டிருந்தது. அதை எஸ்.எஸ்.டி.யாக மாற்றினால், செயலியை மாற்றாமலேயே கணினியின் வேகம் கண்கூடாக உயரும். அதிக வெப்பம், திடீர் நிறுத்தம் போன்றவற்றுக்கு மின்விசிறியில் படிந்த தூசியும், செயலியின்மேல் உலர்ந்துபோன வெப்பப் பசையும் பொதுவான காரணங்கள். சுத்தம் செய்து பசையை மாற்றும் இந்த வேலைக்குப் பெரிய உதிரிபாகம் எதுவும் தேவையில்லை.

மதர்போர்டு எனும் சொல்

இவை எல்லாவற்றையும் தாண்டி, மதர்போர்டு போய்விட்டது என்ற முடிவு வரும்போதுதான் வாடிக்கையாளர் முற்றிலும் கடைக்காரரின் சொல்லையே நம்ப வேண்டியதாகிறது. பழைய மாதிரிகளுக்குப் புதிய மதர்போர்டு கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அதன் விலை, கணினியின் இப்போதைய சந்தை மதிப்பை நெருங்கிவிடுகிறது. மாற்று வழி, பலகையில் கெட்டுப்போன சில்லை மட்டும் கண்டறிந்து மாற்றும் நுண்பழுது வேலை. திறன் வாய்ந்த சுயேச்சைப் பழுதுபார்ப்பவர்கள் இதைச் செய்கிறார்கள். எஸ்.பி. சாலையும் ரிச்சி தெருவும் இத்தகைய வேலைகளுக்குப் பெயர்பெற்றவை.

ஆனால் அந்த வேலைக்குச் சுற்று வரைபடம் தேவை. எந்தப் புள்ளியில் எவ்வளவு மின்னழுத்தம் இருக்க வேண்டும் என்று தெரியாமல் சில்லைக் கண்டறிவது, வரைபடமின்றி வீட்டின் மறைகுழாய்க் கசிவைத் தேடுவதற்கு ஒப்பானது. மடிக்கணினித் தயாரிப்பாளர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த வரைபடங்களைப் பொதுவெளியில் தருவதில்லை. அதனால் பழுதறியும் நேரம் கூடுகிறது. நேரம் கூடினால் கூலி கூடுகிறது. அல்லது வேலையே கைவிடப்பட்டுப் புதிய பலகை பரிந்துரைக்கப்படுகிறது.

இதில் மைசூரு வட்டாரத்துக்கென்று ஒரு முரண் இருக்கிறது. அச்சிட்ட மின்சுற்றுப் பலகைகளைத் தயாரிக்கும் ஆஸ்திரியாவின் ஏ.டி. அண்டு எஸ் நிறுவனத்தின் ஆலை மைசூரு மாவட்டத்தின் நஞ்சன்கூட்டில் உள்ளது. மின்னணுப் பாகங்களை ஒருங்கிணைத்துத் தரும் கெய்ன்ஸ் டெக்னாலஜி நிறுவனத்தின் தலைமையகமும் மைசூருதான். மின்சுற்றுப் பலகையைச் செய்வதற்கும் அதன்மேல் பாகங்களைப் பொருத்துவதற்கும் தேவையான திறன் இந்த மாவட்டத்தில் இருக்கிறது. அதே மாவட்டத்தில், பழுதான பலகை ஒன்றைச் சரிசெய்ய முனையும் சிறு கடைக்காரருக்கு, அதன் வரைபடம் அதிகாரப்பூர்வமாகக் கிடைப்பதில்லை. பற்றாக்குறை திறமையில் இல்லை; தகவலில் இருக்கிறது.

கைபேசிக்கு முதலிடம், மடிக்கணினிக்கு?

இந்தத் தகவல் பற்றாக்குறையைப் போக்கும் நோக்கில்தான் பழுதுநீக்கும் உரிமை என்ற கருத்தை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கையில் எடுத்தது. 2022 ஜூலையில் இதற்கென ஒரு குழு அமைக்கப்பட்டது. அந்த ஆண்டின் தேசிய நுகர்வோர் தினமான டிசம்பர் 24 அன்று பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளம் தொடங்கிவைக்கப்பட்டது. விவசாயக் கருவிகள், கைபேசி உள்ளிட்ட மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய துறைகளின் நிறுவனங்கள், தங்கள் சேவை மையங்கள், உத்தரவாதம், உதிரிபாகம் பற்றிய விவரங்களை ஓரிடத்தில் தருவதே அதன் நோக்கம். தகவல் தருவது அந்தத் தளத்தின் பணி. விலையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை.

அடுத்த கட்டமாக, பழுதுநீக்கத் தகுதிக் குறியீடு ஒன்றை வகுக்க, துறையின் கூடுதல் செயலர் பரத் கேரா தலைமையிலான குழு தனது அறிக்கையை 2025 மே மாதம் அளித்தது. ஒரு சாதனத்தைப் பிரிப்பது எவ்வளவு எளிது, பழுதுநீக்கத் தகவல் கிடைக்கிறதா, உதிரிபாகம் நியாயமான காலத்துக்குள் கிடைக்கிறதா, மென்பொருள் புதுப்பிப்பு எவ்வளவு காலம், என்ன கருவிகள் தேவை, எத்தகைய திருகுகள் பயன்படுத்தப்பட்டுள்ளன என்பவற்றைக் கொண்டு மதிப்பெண் வழங்கவும், அதைக் கடைகளிலும் இணைய விற்பனைத் தளங்களிலும் பொருளின் உறையிலும் காட்டவும் குழு பரிந்துரைத்தது. ஆனால் முதற்கட்டமாக அது எடுத்துக்கொண்டவை ஸ்மார்ட்போனும் டேப்லெட்டும்.

எண்ணிக்கையைப் பார்த்தால் கைபேசிக்கு முதலிடம் தருவதில் நியாயம் உண்டு. எனினும் மடிக்கணினியை இரண்டாம் வரிசையில் நிறுத்துவதற்கு ஒரு விலை இருக்கிறது. கைபேசியைவிட மடிக்கணினியின் ஆயுள் நீண்டது. பழுதுநீக்கத்துக்கு ஏற்ற உடற்கூறு கொண்டது. ஒரு குடும்பத்தில் அண்ணனிடமிருந்து தங்கைக்கு, தங்கையிடமிருந்து தம்பிக்கு என்று கைமாறிப் பயன்படுவது. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கீழ் அடுத்துவந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு டேப்லெட் அல்லது மடிக்கணினி வழங்கும் திட்டம் 2025-26 நிதிநிலை அறிக்கையில் மீண்டும் அறிவிக்கப்பட்டது. அரசே இத்தனை பெரிய அளவில் வாங்கித் தரும் ஒரு சாதனம், உத்தரவாதக் காலம் முடிந்த பின் எந்த விலையில் சரிசெய்யப்படும் என்ற கேள்வி அரசின் செலவுக் கணக்கோடும் தொடர்புடையது.

பிற நாடுகளின் அனுபவம்

மடிக்கணினியைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொண்ட முன்னுதாரணங்கள் உள்ளன. பிரான்ஸ் நாடு 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்திய பழுதுநீக்கக் குறியீட்டின் முதல் பட்டியலில் மடிக்கணினி இடம்பெற்றது. பத்துக்கு இத்தனை என்று வழங்கப்படும் அந்த மதிப்பெண்ணில், உதிரிபாகம் கிடைப்பது ஓர் அளவுகோல். புதிய பொருளின் விலையோடு ஒப்பிடும்போது உதிரிபாகத்தின் விலை எவ்வளவு என்பது மற்றோர் அளவுகோல். பொருளை வாங்கும் நாளிலேயே, பின்னாளில் அதைச் சரிசெய்ய ஆகும் செலவின் சாயல் வாங்குபவருக்குத் தெரிந்துவிடுகிறது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், 100 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள மின்னணுச் சாதனங்களுக்கு ஏழு ஆண்டுகள் வரை உதிரிபாகம், கருவி, பழுதுநீக்கத் தகவல் ஆகியவற்றைத் தயாரிப்பாளர் வழங்க வேண்டும் என்கிறது. ஆஸ்திரியா 2022-ல் தொடங்கிய மானியத் திட்டம், மின்சாதனங்களின் பழுதுநீக்கச் செலவில் பாதியை, 200 யூரோ வரை, அரசே ஏற்க வழிசெய்தது.

இந்தியச் சட்டத்துக்கும் இது புதிய சிந்தனை அல்ல. சுயேச்சை பழுதுபார்ப்பாளர்களுக்கு உதிரிபாகங்களும் கருவிகளும் கிடைக்காமல் தடுத்ததாகக் கண்டறிந்து, 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-ஆம் தேதி மொத்தம் ரூ.2,544.65 கோடி அபராதம் விதித்தது. அபராதத் தொகை மேல்முறையீடுகளைச் சந்தித்தபோதிலும், உதிரிபாகத்தைப் பூட்டி வைப்பது போட்டிக்கு எதிரானது என்ற கருத்து அந்த உத்தரவின் வழியே நிலைபெற்றது. காருக்குப் பொருந்தும் தர்க்கம் கணினிக்குப் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இல்லை.

ரசீது இல்லாத மலிவு

கொள்கை அளவிலான மாற்றங்கள் வரும்வரை, நடப்புச் சட்டமே வாடிக்கையாளரின் கையிலுள்ள கருவி. அந்தக் கருவி செயல்படத் தேவையான முதல் ஆவணம் ரசீது.

பழுதுநீக்கச் சேவைக்கும் மடிக்கணினிக்கும் ஒரே விகிதத்தில், 18 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்படுகிறது. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த வரிச் சீரமைப்பிலும் இது மாறவில்லை. ரூ.5,000 வேலைக்கு ரூ.900 வரி என்பதால், ரசீது வேண்டாம் என்றால் குறைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சு எளிதில் எழுகிறது. யு.பி.ஐ. பரிவர்த்தனைகளின் அடிப்படையில் கர்நாடக வணிக வரித்துறை 2025 ஜூலையில் சிறு வணிகர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியதைத் தொடர்ந்து, பெங்களூருவில் பல கடைகள் ரொக்கம் மட்டுமே வாங்கத் தொடங்கியதும் நினைவுகூரத்தக்கது.

இங்கே ஒரு தெளிவு தேவை. ஆண்டு விற்றுமுதல் ரூ.20 லட்சத்துக்கு மேற்படாத சிறு சேவையாளர் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு பெற வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கவும் கூடாது. ஆனால் சாதாரண ரசீது தருவதற்கு அந்தப் பதிவு தேவையில்லை. ஆகவே, ஜி.எஸ்.டி. எண் இல்லை என்பது ரசீது மறுக்கக் காரணம் ஆகாது. அதேபோல, வரி என்று ஒரு தொகை கேட்கப்பட்டால், ரசீதில் ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும்.

2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, விற்ற பொருளுக்கோ அளித்த சேவைக்கோ ரசீது தராததை நியாயமற்ற வணிக நடைமுறைகளின் பட்டியலில் சேர்த்துள்ளது. சேவையில் குறைபாடு இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரையிலான புகார்களுக்குக் கட்டணம் இல்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்திலோ பணியாற்றும் இடத்திலோ உள்ள ஆணையத்தை அணுகலாம் என்பது தமிழ்நாட்டிலிருந்து மைசூருக்கு வந்து படிப்பவர்களுக்கு முக்கியமான வசதி. மைசூரில் சரிசெய்த கணினிக்காக, ஈரோட்டில் வசிப்பவர் ஈரோட்டிலேயே புகார் அளிக்க முடியும். தட்டச்சு, வடிவமைப்பு, தனிப்பயிற்சி எனச் சுயதொழிலுக்காகக் கணினியைப் பயன்படுத்துபவர்களும் நுகர்வோர் என்ற வரையறைக்குள் வருகிறார்கள்.

வழக்குக்கு முந்தைய தீர்வுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உள்ளது. தமிழ், கன்னடம் உள்ளிட்ட 17 மொழிகளில் இந்தச் சேவை கிடைக்கிறது. மைசூரில் நுகர்வோர் உரிமைகளுக்காக மைசூரு கிராஹகர பரிஷத் போன்ற தன்னார்வ அமைப்பும் நெடுங்காலமாகச் செயல்பட்டுவருகிறது. இத்தகைய எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் கேட்கப்படுவது ரசீதுதான். யு.பி.ஐ. பதிவு பணம் கொடுத்ததைக் காட்டும். எந்த வேலைக்குக் கொடுத்தோம் என்பதைக் காட்டாது.

எழுத்தில் பெற வேண்டியவை

கணினியை ஒப்படைக்கும்போதே, பழுதறியும் கட்டணம் எவ்வளவு, வேலையைச் செய்யாமல் திரும்பப் பெற்றால் அது வசூலிக்கப்படுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. மதிப்பீட்டுத் தொகையை உதிரிபாகம், கூலி, வரி என்று பிரித்து எழுதித் தரச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் செய்தியாக வந்தாலும் அது ஆவணமே. மதிப்பீட்டுக்கு மேல் செலவு ஏற்பட்டால் ஒப்புதல் பெற்ற பின்னரே வேலை தொடர வேண்டும் என்பதையும் அதிலேயே குறிப்பிடலாம்.

மாற்றப்பட்ட பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்பது வாடிக்கையாளருக்கு மிகப் பெரிய பாதுகாப்பு. உண்மையில் மாற்றப்பட்டதா என்ற ஐயத்துக்கு அது இடம் வைக்காது. ரேம், எஸ்.எஸ்.டி., பேட்டரி ஆகியவற்றின் வரிசை எண்களைக் கணினியை ஒப்படைக்கும் முன் படமெடுத்து வைத்துக்கொள்வதும் உதவும். பொருத்தப்படும் பாகம் தயாரிப்பாளருடையதா, வேறு நிறுவனத்துடையதா, பயன்படுத்தப்பட்டதா என்பதும், அதற்கு எத்தனை நாள் உத்தரவாதம் என்பதும் ரசீதில் இடம்பெற வேண்டும். பயன்படுத்தப்பட்ட பாகத்தைப் பொருத்துவதில் தவறில்லை. அதைப் புதியதன் விலைக்குப் பொருத்துவதே தவறு.

பேட்டரி, அடாப்டர் ஆகியவற்றில் மலிவை மட்டும் பார்ப்பது ஆபத்து. இவ்விரண்டும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுத் திட்டத்துக்கு உட்பட்டவை. ஆர் என்ற எழுத்துடன் தொடங்கும் பதிவு எண் அவற்றின்மேல் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அந்த எண் உண்மையானதா என்பதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம்.

தரவுகளைப் பொறுத்தவரை, கோப்புகளைக் காப்புப் பதிவு செய்யாமல் கணினியை ஒப்படைக்கக் கூடாது. அண்மைக் கால மடிக்கணினிகள் பலவற்றில் சேமிப்பகம் தானாகவே மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். மதர்போர்டை மாற்றினால், மீட்புக் குறியீடு கேட்கப்படும். அந்தக் குறியீடு பொதுவாக உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதை முன்கூட்டியே குறித்து வைக்காதவர், கணினி சரியான பின்னும் தரவுகளை இழக்க நேரிடலாம்.

பழுதுநீக்கமா, புதியதா?

புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் பழுதுநீக்கம் வேண்டாம் என்பது பரவலான வழக்கு. ஆனால் இது முழுமையான கணக்கு அல்ல. ஓராண்டுப் பயன்பாட்டுக்கு எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்பதே பொருத்தம். எடுத்துக்காட்டாக, ரூ.6,000 செலவில் இரண்டு ஆண்டுகள் கூடுதலாக உழைக்கும் என்றால் ஆண்டுக்கு ரூ.3,000. ரூ.50,000 கொடுத்து வாங்கும் புதிய கணினி ஐந்தாண்டுகள் உழைத்தால் ஆண்டுக்கு ரூ.10,000. அதே ரூ.6,000, பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோவதால் ஆறு மாதங்களுக்கே பயன்படும் என்றால் ஆண்டுக் கணக்கில் அது ரூ.12,000 ஆகிவிடும்.

ஆகவே, பழைய கணினிக்குப் பணம் செலவிடும் முன் அது விண்டோஸ் 11-க்குத் தகுதியுடையதா என்று பார்ப்பது அவசியம். தகுதி இல்லையென்றாலும் வழி அடைந்துவிடவில்லை. கட்டற்ற மென்பொருளான லினக்ஸ் வகை இயங்குதளங்கள் பழைய வன்பொருளில் நன்றாக இயங்குகின்றன. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் இயங்குதளம் அவற்றுள் ஒன்று. கேரளத்தின் பள்ளிக் கல்வித் துறை பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே கணினிக் கல்வியை நடத்திவருகிறது. இணையம், ஆவணம், பாடக் காணொளி ஆகியவையே தேவை என்றால் இந்த மாற்றம் போதும். குறிப்பிட்ட விண்டோஸ் மென்பொருளைச் சார்ந்த படிப்போ பணியோ உடையவர்களுக்கு இது பொருந்தாது.

அடுத்து எதிர்பார்க்கப்படுவது

உலக மின்கழிவுக் கண்காணிப்பு அறிக்கையின்படி 2022-ஆம் ஆண்டில் உலகில் 6.2 கோடி டன் மின்கழிவு உருவானது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே. இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள், கழிவாகிய பின் அதைச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளரிடம் தருகின்றன. கழிவாகும் நாளைத் தள்ளிப்போடும் பழுதுநீக்கத்துக்கு அதே அளவு ஊக்கம் இன்னும் தரப்படவில்லை. புதிய பொருளுக்கும் பழுதுநீக்கத்துக்கும் ஒரே வரி விகிதம் நீடிப்பது இதற்கு ஓர் அடையாளம்.

பழுதுநீக்கத் தகுதிக் குறியீட்டை மடிக்கணினிக்கும் விரிவுபடுத்துவது, அதில் உதிரிபாக விலையைத் தனி அளவுகோலாக வைப்பது, சுற்று வரைபடங்களைச் சுயேச்சை பழுதுபார்ப்பாளர்களுக்குத் திறந்துவிடுவது ஆகிய மூன்றும் அரசின் கையில் உள்ளவை. மாநில அரசுகள் மாணவர்களுக்காக மொத்தமாகக் கொள்முதல் செய்யும்போது, உத்தரவாதக் காலத்துக்குப் பிந்தைய உதிரிபாக விலைப் பட்டியலையும் ஒப்பந்தத்தின் பகுதியாகக் கேட்கலாம். இதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை.

அதுவரை மைசூரின் கல்லூரி மாணவருக்கும், தமிழகத்தின் சிறு நகரத்தில் விலையில்லா மடிக்கணினியைப் பாதுகாத்து வைத்திருக்கும் குடும்பத்துக்கும் உள்ள பாதுகாப்பு எளிமையானது: கடைக்குச் செல்லும் முன் செய்யும் இரண்டு மூன்று சோதனைகள், எழுத்தில் பெற்ற மதிப்பீடு, திரும்பப் பெற்ற பழைய பாகம், ஒரு ரசீது. நேர்மையாகத் தொழில் செய்யும் பழுதுபார்ப்பவர் இவற்றில் எதையும் மறுக்கத் தேவை இருக்காது.